காலையில ஒரு மிஸ், ஏத்தத்துல ஒரு மிஸ்: பழைய காமன் ரயில் பிக்கப்

ஜனவரி 6, இரவு 9.15
கேள்வி, ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவிலிருந்து ஒரு வாசகர்

அண்ணா, வண்டி டீசல் பிக்கப், ரெண்டரை லிட்டர், காமன் ரயில் (டீசலை ஒரே குழாய்ல அதிக அழுத்தத்துல தேக்கி எல்லா சிலிண்டருக்கும் பிரிச்சு விடற முறை), 2012 மாடல். காலையில செல்ஃப் அடிச்சா எடுத்துடுது, ஆனா மூணு சிலிண்டர்லதான் ஓடுது. ஒரே வெள்ளைப் புகை, கண்ணு எரியுது. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். கேரட் லோடு மேட்டுப்பாளையம் மண்டியில இறக்கிட்டு உரமூட்டை ஏத்திட்டு திரும்பி வரும்போது குன்னூர் ஏத்தத்துல பர்லியார் தாண்டினதும் மறுபடி மிஸ் அடிக்குது, அதாவது ஒரு சிலிண்டர் எரியாம விட்டுப்போகுது, புல்லிங் போயிடுது. மண்டியில நிக்கும்போது ஒரு குறையும் இல்லை. ஊர்ல எல்லாரும் “மலைக்கு மேல காத்து கம்மி, பழைய வண்டின்னா அப்படித்தான்”ங்கறாங்க. ஒரு கடையில, சிலிண்டருக்குள்ள டீசல் பீய்ச்சற நாலு இன்ஜெக்டரையும் மாத்தச் சொல்லிட்டாங்க. எதை நம்பறது?

ஜனவரி 6, இரவு 10.40
பதில்

இன்ஜெக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தா நாளைக்குக் காலையில முதல் வேலையா நிறுத்திடுங்க தம்பி.

காத்து கம்மிங்கறது உண்மை. ஊட்டி 2240 மீட்டர் உயரம். கடல் மட்டத்துல இருக்கற காத்தழுத்தத்துல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலதான் அங்க இருக்கும். குன்னூர் 1850 மீட்டர், அங்க அஞ்சுல நாலு பங்கு. ஆனா அந்தக் காத்து நாலு சிலிண்டருக்கும் ஒரே மாதிரிதான் கம்மி. காத்து பத்தலைன்னா நாலும் சேர்ந்து சோர்ந்து போகும், மிதிச்சா கருப்புப் புகை தள்ளும், காத்தை அழுத்தி உள்ள தள்ளற டர்போ எழுந்திருக்க நேரம் எடுக்கும். மூணு நல்லா அடிச்சு ஒண்ணு மட்டும் அடிக்காம இருந்தா அது காத்தோட வேலை இல்லை. அந்த ஒரு சிலிண்டர்ல ஏதோ குறை இருக்கு.

அதனால முதல் கேள்வி “என்ன கெட்டுப்போச்சு”ங்கறது இல்லை, “எத்தனாவது சிலிண்டர்”ங்கறதுதான். அது தெரியாம ஒரு நட்டைக்கூட கழட்ட வேண்டாம்.

ஜனவரி 7, காலை 6.30

ராத்திரி சொல்ல விட்டது. உங்க கேள்வியில ரெண்டு மிஸ் இருக்கு. ஒண்ணு குளிர்ந்த இன்ஜின்ல, லோடே இல்லாம, ஐட்லிங்ல. இன்னொண்ணு நல்லா சூடான இன்ஜின்ல, லோடோட, ஏத்தத்துல. கேக்கறவங்க எல்லாரும் ரெண்டையும் ஒரே வியாதியாத்தான் சொல்றாங்க. நான் அப்படி எடுத்துக்க மாட்டேன். குளிர்ல வர்ற மிஸ் சூடானா போயிடுதுன்னா, சூடு சம்பந்தப்பட்டது: குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கற ஹீட்டர் பிளக், இல்லைன்னா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காத்தை அழுத்தற அளவு. சூட்டுல லோடுல வர்ற மிஸ்னா டீசல் சப்ளை, வயரிங், இன்ஜெக்டர் காயில். ரெண்டும் ஒரே சிலிண்டர்தானான்னே நமக்கு இன்னும் தெரியாது.

ரெண்டுக்கும் தனித்தனியா குறிப்பு வையுங்க. எங்க வந்தது, எந்த கியர், டேங்க்ல எவ்வளவு டீசல், ஹீட் முள் எங்க இருந்தது. டேஷ்போர்டுல ஒரு சின்ன நோட்டு போதும்.

ஜனவரி 7, இரவு 8.00

எந்த சிலிண்டர்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

செலவே இல்லாத வழி. காலையில வண்டி முழுசா குளிர்ந்திருக்கும்போது புகை வெளிய போற இரும்புக் குழாய்க் கட்டு, அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, மேல இருக்கற தகடை கழட்டி வெச்சுக்கணும். ஸ்டார்ட் பண்ணி மிஸ் அடிச்சுட்டு இருக்கும்போதே, ஒவ்வொரு சிலிண்டர்லேர்ந்தும் வெளிய வர்ற குழாய் மேல, விரலை நனைச்சு ஒரு சொட்டு தண்ணி விடுங்க. ஒரு சொட்டுதான், ஊத்தக் கூடாது, வார்ப்பு இரும்பு விரிசல் விடும். அடிக்கற சிலிண்டர்ல சொட்டு சுருங்கி ஆவியாகி, துரு மேல ஒரு வெளிர் வட்டம் மட்டும் நிக்கும். அடிக்காத சிலிண்டர்ல சொட்டு அப்படியே உருண்டையா உக்காந்திருக்கும், அப்புறம் மெதுவா வழிஞ்சு கீழ போகும். பார்த்துட்டா மறக்க மாட்டீங்க.

வெப்பம் அளக்கற லேசர் கன் இருந்தா இன்னும் சுத்தம். துருப்பிடிச்ச இரும்புல அது சரியாவே காட்டும், பளபளப்பான தகட்டுல ஏமாத்தும். ஸ்டார்ட் பண்ணின முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் வித்தியாசம் தெரியும். அப்புறம் பக்கத்து சூடு பரவிடும்.

காதால கேக்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஐட்லிங் 800 சுத்துன்னா நாலு சிலிண்டர் சேர்ந்து நிமிஷத்துக்கு 1600 தடவை அடிக்கும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா 400 அடி குறையும், அதாவது விநாடிக்கு ஆறேழு இடி. அந்த இடி ஒரே சீரா வந்தா ஒரு சிலிண்டர் நிரந்தரமா செத்திருக்கு. ஒழுங்கில்லாம, நினைச்சப்ப வந்துட்டுப் போனா டீசல்ல காத்து ஏறுது, இல்லைன்னா வயர். ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டுக் கண்ணை மூடினாலே இது தெரியும்.

ஜனவரி 8, மதியம்

கீழ ஒருத்தர் எழுதியிருக்கார்: “அந்தக் காலத்துல பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணினா எது அடிக்கலைன்னு தெரிஞ்சுடும், இவ்வளவு சுத்தல் எதுக்கு?”

ஐயா, தயவு செஞ்சு இதை இந்த வண்டிகள்ல யாரும் செய்யாதீங்க. காமன் ரயில் வர்றதுக்கு முந்தின பழைய டிஐ வண்டியில நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், மேட்டுப்பாளையம் பம்ப் நாசில் கடையில அதுதான் முதல் பாடம். அந்த பம்ப் வேற. காமன் ரயில்ல சும்மா ஐட்லிங்லயே டீசல் அழுத்தம் 250 பார் பக்கம் நிக்கும், இழுக்கும்போது 1000 பார் தாண்டும். உங்க பின் டயர்ல இருக்கறது நாலஞ்சு பார். ஓடுற வண்டியில அந்த நட்டை அசைச்சா வர்ற டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியா வரும், தோலைத் துளைச்சு உள்ள போகும். வெளிய பார்த்தா சின்னப் புள்ளிதான், முதல்ல வலிகூட இருக்காது. உள்ள சதை அழுகும். அப்படி பட்டுட்டா வலி இல்லைன்னு வீட்டுக்குப் போகாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும், டீசல் பாய்ஞ்சதுன்னு சொல்லணும்.

ஓடும்போது இன்ஜெக்டர் சாக்கெட்டைப் பிடுங்கறதும் வேண்டாம். இன்ஜெக்டரைத் திறக்க இன்ஜின் கம்ப்யூட்டர் 60 வோல்டுக்கு மேல அனுப்புது, பேட்டரியோட 12 இல்லை. ஸ்கேனர்ல ஒவ்வொரு சிலிண்டரா நிறுத்திப் பார்க்கற வசதி நிறைய வண்டியில இருக்கு. எதை நிறுத்தினா சத்தம் மாறலையோ அதுதான் செத்த சிலிண்டர். ஸ்கேனர் இல்லையா, தண்ணிச் சொட்டு இருக்கு.

ஜனவரி 9, காலை 9.20

தம்பி போன் பண்ணினார். லேசர் கன் கடன் வாங்கி அளந்திருக்கார். முதல் மூணும் 78, 81, 76 டிகிரி. நாலாவது 41.

காலை மிஸ் நாலாவது சிலிண்டர். ஏத்தத்து மிஸ்ஸைப் பத்தி இது ஒண்ணும் சொல்லலைங்கறதை மட்டும் மறந்துடாதீங்க.

அடுத்தது ஹீட்டர் பிளக். நாலு பிளக்கையும் ஒரு தகடு இணைச்சிருக்கும். அந்தத் தகடைக் கழட்டாம மீட்டர் வெச்சா நாலும் சேர்ந்த ரீடிங் வரும், ஒண்ணு செத்திருந்தாலும் மீட்டர் “நல்லா இருக்கு”ன்னு சொல்லும். தகடை எடுத்துட்டு ஒவ்வொரு பிளக் தலைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல அளங்க. நல்ல பிளக் ஒரு ஓம் பக்கமோ அதுக்கும் கீழயோ காட்டும். செத்தது சுத்தமா காட்டாது. மீட்டர் இல்லைன்னா டெஸ்ட் லேம்பை பேட்டரி பிளஸ்ல மாட்டி பிளக் தலையில தொடுங்க, எரிஞ்சா உசுரு இருக்கு.

அதோட சாவி போட்டதும் அந்தத் தகடுக்குக் கரண்டு வருதான்னும் பாருங்க. கரண்டை விடற ரிலே போயிருந்தா நாலு புது பிளக் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

ஜனவரி 9, இரவு

பிளக் கழட்டறவங்களுக்கு. பல வருஷம் உள்ளயே இருந்த ஹீட்டர் பிளக் கரி பிடிச்சு இறுகியிருக்கும். குளிர்ந்த இன்ஜின்ல நீள ஸ்பேனர் போட்டு முறுக்கினா தலை முறிஞ்சு பாதி உள்ளயே நிக்கும், அப்புறம் சிலிண்டர் ஹெட்டை இறக்கணும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற எண்ணெய் விட்டு வையுங்க. காலையில வண்டியை ஓட்டி சூடாக்கிட்டு, சின்ன ஸ்பேனர்ல முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா அசையுங்க. அவசரப்படற ஆளை இந்த வேலைக்கு விடாதீங்க.

கேத்தி பக்கம் ஒருத்தர் கேட்டார், குளிர் காலையில ஏர் ஃபில்டர் வாயில பெட்ரோல் துணி காட்டறது சரியான்னு. சரியில்லைங்க. ஹீட்டர் பிளக் சிவந்து நிக்கற சிலிண்டருக்குள்ள பெட்ரோல் ஆவி போனா, பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாலயே வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும், பிஸ்டன் விளிம்பு உடையும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேவும் அதே கதைதான்.

ஜனவரி 11

நாலாவது பிளக் செத்திருந்தது. மாத்தியாச்சு. காலைப் புகை முக்கால்வாசி குறைஞ்சது, முழுசா போகலை. ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் லேசா தடுமாறி, அப்புறம் பிடிச்சுக்குதாம்.

கம்ப்ரஷன் பார்க்கணும்னு நான் சொன்னதும் தம்பி பயந்துட்டார், இன்ஜின் வேலை வந்துடுமோன்னு. ஊட்டியில கம்ப்ரஷன் பார்க்கும்போது ஒரு விஷயத்தை எல்லாரும் தவற விடறாங்க, அதை நாளைக்கு விரிவா எழுதறேன். இன்னைக்கு தோட்டத்துல இலை ஏத்தணும்.

ஜனவரி 12, இரவு 9.30

கம்ப்ரஷன் கேஜ் காட்டற எண்ணிக்கை, இன்ஜின் உள்ள இழுக்கற காத்தைப் பொறுத்தது. உள்ள போற காத்தே முக்கால் பங்குன்னா, அழுத்தின பிறகு வர்றதும் ஏறக்குறைய முக்கால் பங்குதான். புத்தகத்துல 400 பவுண்டுன்னு (சதுர அங்குலத்துக்கு, அதாவது பி.எஸ்.ஐ) போட்டிருந்தா அது சமவெளிக் கணக்கு. அதே நல்ல இன்ஜின் ஊட்டியில 300 சொச்சம்தான் காட்டும். இது தெரியாம ஊட்டியில கேஜ் வெச்சு, புத்தகத்தோட ஒப்பிட்டு, “ரிங் போச்சு, இன்ஜின் இறக்கணும்”னு சொன்னதை என் காதாலயே கேட்டிருக்கேன். அந்த வண்டிக்காரர் தோட்டத்தை அடமானம் வைக்கப் பார்த்தார். மனசு ஆறலை. அதே வண்டியைக் கீழ கொண்டுபோய்ப் பார்த்தா எண்ணிக்கை ஏறி நின்னது.

மலையில கம்ப்ரஷனைப் புத்தகத்தோட ஒப்பிடாதீங்க. நாலு சிலிண்டரையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க. பேட்டரி நல்ல சார்ஜ்ல இருக்கணும், நாலுக்கும் ஒரே அளவு நேரம் செல்ஃப் அடிக்கணும். நாலும் நெருக்கமா இருந்தா இன்ஜின் நல்ல இன்ஜின். ஒண்ணு மட்டும் தனியா கீழ இருந்தா அதைப் பேசலாம்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். தம்பி வண்டி ரீடிங்: 305, 300, 310, நாலாவது 270.

நாலாவது கொஞ்சம் சோர்வா இருக்கு, சாகலை. பயப்பட வேண்டியதில்லை. இப்போ முதல் நாள் நான் எழுதினதோட இதைச் சேர்த்துப் படிங்க. காத்து கம்மியா இருக்கறது ஒரு சிலிண்டரை மட்டும் நிறுத்தாதுன்னு சொன்னேன், அதுல மாற்றம் இல்லை. ஆனா ஏற்கனவே விளிம்புல நிக்கற சிலிண்டரை மலை தள்ளிவிடும். டீசல் இன்ஜின்ல நெருப்பு வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தின காத்தோட சூடுதான் நெருப்பு. காத்து மெலிசா இருந்தா அந்தச் சூட்டுல அதிகப் பங்கை குளிர்ந்த சிலிண்டர் சுவர் குடிச்சுடும். டீசல் பத்திக்க எடுத்துக்கற நேரமும் நீளும். உறைபனிக் காலையில பாலாடா பள்ளத்துல புல்லெல்லாம் வெள்ளையா இருக்கும்போது அந்த 270 பவுண்டு சிலிண்டர்தான் முதல்ல கை விரிக்கும். மேட்டுப்பாளையத்துல அதே சிலிண்டர் ஒழுங்கா அடிக்கும். அங்க உயரமும் முந்நூத்தி சொச்சம் மீட்டர்தான், குளிரும் இல்லை.

டர்போ இருக்கேன்னு கேப்பீங்க. ஐட்லிங்ல டர்போ ஒண்ணும் தராது. அதனாலதான் நம்ம ஊர்ல காலை ஐட்லிங்ல தடுமாறுற வண்டி, அதே காலையில கொஞ்சம் மிதிச்சதும் சரியாப் போகுது.

ஊர்ல சொல்றது முழுப் பொய்யும் இல்லைன்னு சொல்றது இதுக்குத்தான். மலை குறையை உண்டாக்கலை, இருக்கற குறையைக் காட்டிக்கொடுக்குது. “மலைன்னா அப்படித்தான்”னு விட்டுட்டா அந்த ஒரு செத்த பிளக்கோட எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி இன்ஜின் ஆயில்ல இறங்கிட்டே இருக்கும். ஆயில் மெலிசாகும், பேரிங் தேயும். அப்புறம் நிஜமாவே இன்ஜின் வேலை வரும்.

ஜனவரி 15, காலை

வெள்ளைப் புகைன்னதும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழ இருக்கற அடைப்புத் தகடு) போச்சுன்னு முடிவு கட்டறவங்களுக்கு. எரியாத டீசல் புகை கண்ணை எரிக்கும், டீசல் நாத்தம் அடிக்கும், இன்ஜின் சூடானா குறையும். கூலன்ட் எரிஞ்சா வர்றது இனிப்பான வாடையோட ஆவி, சூடானாலும் நிக்காது, ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுட்டே வரும். வெறும் குளிர் ஆவி ரெண்டும் இல்லை. ஊட்டியில ஜனவரி காலையில எல்லா சைலன்சர்லயும் அது வரும்.

ஜனவரி 17, இரவு 10.00

இனி ஏத்தத்து மிஸ். தம்பி நோட்டு எழுதி வெச்சது கை கொடுத்தது. அவர் எழுதினது: லோடோட, செகண்ட் கியர்ல, கொண்டை ஊசி வளைவுல திரும்பி மிதிக்கும்போது. டேங்க் நிறைய இருந்தப்பவும் வந்தது, கால் டேங்க்லயும் வந்தது.

இந்தக் கடைசி வரி ஒரு பெரிய கதவை மூடிடுச்சு. டீசல் கம்மியா இருக்கும்போது ஏத்தத்துல டேங்க்ல இருக்கறது பின்னால ஒதுங்கும், வளைவுல பக்கவாட்டுல ஓடும், உறிஞ்சற குழாய் காத்தைக் குடிக்கும். அந்த மிஸ் கால் டேங்குக்குக் கீழதான் வரும். அது வர்ற வண்டிகளுக்கு மருந்து டீசல்தான், மெக்கானிக் இல்லை.

இருந்தாலும் சப்ளை பக்கம் பார்த்துடணும்னு ஃபில்டருக்குப் போற குழாய்ல ஒரு துண்டு தெளிவான ட்யூபைப் போட்டோம். இன்ஜின் ஓடும்போது அதுல குமிழ் தொடர்ந்து வந்தா எங்கயோ காத்து இழுக்குது, பெரும்பாலும் ஃபில்டர் மாத்தும்போது மடங்கின ரப்பர் ரிங். இவர் வண்டியில குமிழ் இல்லை. டீசல்ல இருந்து தண்ணியைப் பிரிக்கற வாட்டர் செபரேட்டர்ல மட்டும் அரை டம்ளர் தண்ணி இறங்கிச்சு. அது வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால திறந்ததால இறங்கினது. ஓட்டிட்டு வந்து திறந்தா எல்லாம் கலங்கியிருக்கும், தண்ணி தெரியாது. நம்ம ஊர் மஞ்சுல டேங்கை அரை காலியா ராத்திரி விடாதீங்க, உள் சுவர்ல நீர் கோத்துக்கும்.

ஜனவரி 18

இன்ஜெக்டரைச் சோதிச்சோம், கடைக்காரர் சொன்னதுக்குப் பதில் வேணுமே. மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பற ரிட்டர்ன் குழாயை எடுத்துட்டு நாலு இன்ஜெக்டர்லயும் ஆளுக்கொரு ட்யூப் மாட்டி, நாலு கண்ணாடி ஜாம் பாட்டில்ல விட்டு, கொஞ்ச நேரம் ஐட்லிங்ல ஓட விட்டோம். நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, அதனால வீட்டு ஜாம் பாட்டில்தான் எல்லாருக்கும். பாட்டில் காலியாகட்டும்னு தம்பியோட பொண்ணு ரெண்டு நாளா ரொட்டிக்கு ஜாமா தடவித் தின்னு தீர்த்ததாம், அதுக்கும் சேர்த்து நன்றி.

நாலு பாட்டில்லயும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்துல நின்னது. ஒரு பாட்டில் மத்ததைவிடப் பல மடங்கு நிறைஞ்சா அந்த இன்ஜெக்டரோட வால்வு தேஞ்சிருக்கு, ரயில்ல அழுத்தம் நிக்காது, செல்ஃப் நீளமா அடிக்க வேண்டி வரும். ஸ்டார்ட் ஆகவே சுமார் 200 பார் வேணும், அது வராது.

இங்க ஒரு எச்சரிக்கை. பாட்டில் சமமா இருந்தா இன்ஜெக்டர் முழுக்க நல்லதுன்னு அர்த்தம் இல்லை. நாசில் முனை ஒழுகறது ரிட்டர்ன்ல தெரியாது. அதுக்கு இன்ஜெக்டரைக் கழட்டி மெஷின்ல போடணும். ஆனா ஒழுகற நாசில் வளைவுல மட்டும் ஒழுகாது. இவரோட மிஸ் வளைவுல மட்டும் வருது. அதனால நான் இன்ஜெக்டரைக் கழட்டலை.

ஜனவரி 18, இரவு

கழட்டறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கீழ இருக்கற செம்பு வாஷர் எப்பவும் புதுசு போடணும், பழசைச் சுட்டுப் போடறது, ரெண்டு வாஷர் அடுக்கறது கூடாது. தடிமன் மாறினா டீசல் விழற இடம் மாறும். உக்காரற இடத்துல கரித்துளி இருந்தாலும் காத்து கசியும். “சுக் சுக்”னு சத்தம் வந்து, இன்ஜெக்டரைச் சுத்தி தார் மாதிரி கருப்பா கட்டினா அது வாஷர் கசிவு. அதை இன்ஜெக்டர் கோளாறுன்னு சொல்லி விக்கறாங்க. புது இன்ஜெக்டர் போட்டா அது மேல அச்சடிச்ச கோடு நம்பரை கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்ற வண்டிகள் இருக்கு, அதையும் கேட்டு வாங்குங்க.

ஜனவரி 20, மாலை

கிடைச்சுடுச்சு!

“ஸ்கேனர்ல எர்ரர் கோடு இல்லைன்னா வயரிங் கோளாறு இல்லை”ன்னு மேல ஒருத்தர் எழுதியிருந்தார். அது சரியில்லைங்க. கண் சிமிட்டற நேரத்துக்கு விட்டுப் போற வயர் எல்லா சமயமும் எர்ரர் கோடு பதியாது. ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைச்சுக் கொடுக்கற டீசல் அளவைத் திரையில வெச்சுட்டு, ஐட்லிங்ல நின்னபடியே இன்ஜெக்டர் வயர் கட்டை அங்கங்க மெதுவா அசைச்சோம். ஹெட் ஓரமா ஒரு கிளாம்ப் இருக்கு. அங்க அசைச்சதும் இன்ஜின் இடிச்சது, திரையில ரெண்டாவது சிலிண்டர் எண்ணிக்கை எகிறிச்சு. விட்டதும் அடங்கிச்சு. மறுபடி அசைச்சதும் மறுபடி.

காலையில நாலாவது. ஏத்தத்துல ரெண்டாவது. ரெண்டு மிஸ், ரெண்டு காரணம்.

கிளாம்பைத் திறந்தா வெளி உறை தேஞ்சு, உள்ள ஒரு வயர்ல அரிசி அளவுக்கு இன்சுலேஷன் போயிருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது, கிளாம்ப் விளிம்புல அதே இடம் பளபளன்னு தேஞ்சிருந்தது. செகண்ட் கியர்ல லோடோட மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமா சாயும். சாயும்போது வயர் கிளாம்பைத் தொடும். மண்டியில நிக்கும்போது ஏன் வரலைங்கறதுக்கும் பதில் இதுதான்: நிக்கற வண்டியில இன்ஜின் சாயறதில்லை. இதுக்கு நாலு இன்ஜெக்டர் மாத்தியிருந்தா, அதே வயரோட அதே மிஸ் பர்லியார்ல காத்துட்டு இருந்திருக்கும்.

ஜனவரி 20, இரவு

ரிப்பேர் எப்படின்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. முறுக்கி டேப் சுத்தறது வேண்டாம், இன்ஜின் சூட்டுல பசை உருகி அவுந்துடும். கெட்ட துண்டை வெட்டிட்டு, அதே கனத்துல வயர் சேர்த்து, சால்டர் வெச்சு, சுருங்கற ஸ்லீவ் போட்டோம். இன்ஜெக்டர் வயர் ரெண்டு ரெண்டா முறுக்கி வந்திருக்கும், அந்த முறுக்கைப் பிரிக்காம வையுங்க. கிளாம்புல பழைய ட்யூப் ரப்பர் வெட்டி மெத்தை கொடுத்தாச்சு.

இன்ஜினைத் தாங்கற மவுண்டிங்கையும் மாத்தச் சொன்னேன், ரப்பர் வெடிச்சிருந்தது. அந்த அளவுக்கு இன்ஜின் சாயறதுக்கு அதுதான் காரணம். வயரை மட்டும் சரி பண்ணினா அடுத்த இடத்துல தேயும்.

ஜனவரி 22

கோத்தகிரி நண்பருக்கு: உங்க வண்டி ஐட்லிங்ல ஆடுது, கொஞ்சம் மிதிச்சா ஆட்டம் நின்னுடுது, புகை இல்லை, புல்லிங் நல்லா இருக்குன்னா அது மிஸ் இல்லை, மவுண்டிங். ஆட்டம் வேற, மிஸ் வேற.

பெட்ரோல் சின்ன வண்டி வெச்சிருக்கறவருக்கு: லோடுல மிஸ் அடிச்சா காயில், பிளக், பிளக் வயர். காயில் தனித்தனியா இருந்தா சந்தேகப்படறதை வேற சிலிண்டருக்கு மாத்திப் போடுங்க, மிஸ் கூடவே நகர்ந்தா காயில்தான். இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினா ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர்ல இருக்கற, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுடும்.

ஜனவரி 23, காலை

ஒருத்தர் எழுதினதைப் படிச்சு ராத்திரி தூக்கம் வரலை. “மிஸ் அடிக்கற வண்டியை இறக்கத்துல நியூட்ரல்ல விட்டு ஆஃப் பண்ணிட்டா டீசலும் மிச்சம்”ங்கறார்.

வேண்டாம் ஐயா. பிரேக்குக்கு உதவற வாக்குவம், இன்ஜின் ஓடினாத்தான் உண்டாகும். டீசல் வண்டி நிறையதுல அந்த பம்ப் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாலயே இருக்கு. இன்ஜினை நிறுத்தினா ரெண்டு மூணு மிதியில உதவி தீர்ந்துடும், பெடல் கல்லாயிடும், ஸ்டியரிங் இறுகிடும். கேரட் லோடோட குன்னூர் இறக்கத்துல அந்த நிலைமையில வண்டி நிக்காது. ஒரு சிலிண்டர் செத்த இன்ஜினும் செகண்ட் கியர்ல வண்டியைப் பிடிச்சுக்கும், ஏன்னா பிடிக்கறதுக்கு வெடி தேவையில்லை. கியர்லயே இறங்குங்க. டீசல் மிச்சமும் அதுலதான்: கியர்ல இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா கம்ப்யூட்டர் இன்ஜெக்டரையே மூடிடும்.

பிப்ரவரி 2

தம்பி லோடு இறக்கிட்டு, உரமூட்டையோட மேட்டுப்பாளையத்துலேர்ந்து பாலாடா வரைக்கும் வந்துட்டார். கல்லார்லேர்ந்து குன்னூர் வரைக்கும் எந்த வளைவுலயும் இடி இல்லை. காலையில ஹீட்டர் லைட் அணைஞ்ச பிறகு இன்னும் ஒரு தடவை சாவியைத் திருப்பி ஹீட் கொடுத்துட்டு அடிக்கறார், அந்த 270 பவுண்டு சிலிண்டரும் மத்ததோட சேர்ந்தே எடுக்குது.

பாக்கி வேலை: மீதி மூணு ஹீட்டர் பிளக்கும் அதே வயசுதான், அடுத்த நவம்பருக்குள்ள மாத்திடணும், உறைபனி இறங்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இவ்வளவு நாள் எரியாத டீசல் இறங்கின இன்ஜின் ஆயிலை இந்த வாரமே மாத்தச் சொல்லியிருக்கேன். மாத்தறதுக்கு முன்னால ஆயில் குச்சியை எடுத்து மட்டம் பாருங்க தம்பி. ஊத்தின அளவைவிட மேல ஏறியிருந்தா டீசல் கலந்திருக்கு. அந்த அளவை இங்க எழுதுங்க, மாசக் கடைசியில புது ஆயிலோட மட்டத்தையும் எழுதுங்க. ரெண்டையும் பார்த்துட்டு நாலாவது இன்ஜெக்டர் முனையை மெஷின்ல போடணுமா வேண்டாமான்னு சொல்றேன்.